இரண்டு மழைக்கு நடுவே: ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைச் சுற்றி என்ன வேலை இருக்கிறது?

கேள்வி. ஒக்டோபர் 5, மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்

கொழும்பில் வேலை பார்த்துவிட்டு வீட்டோடு வந்து இருக்கிறேன். குளிர் நாட்டுக்காரர்கள் இந்த மாதங்களில் விறகு அடுக்குகிறார்கள், பழங்களைப் பதப்படுத்துகிறார்கள், பாத்திகளைச் சருகு போட்டு மூடுகிறார்கள், மாலையில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறார்கள். படிக்க ஆசையாக இருக்கிறது. நமக்கு இலை உதிர்வதும் இல்லை, பனி மூடுவதும் இல்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் கிடக்கும் துண்டு நிலத்தில் இந்தப் பருவத்துக்கென்று செய்ய ஒன்றுமே இல்லை என்பது என் கருத்து. உண்டென்றால் சொல்லுங்கள், டீச்சர்.

ஒக்டோபர் 5, இரவு

தம்பி, எனக்கு வருடத்திலேயே கை ஓயாத மாதங்கள் இவைதான்.

மே மாதம் பிடிக்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பரோடு தளர்கிறது. வடகீழ்ப் பருவமழை டிசம்பரில்தான் நிலைகொள்கிறது. இடையில் வரும் ஒக்டோபருக்கும் நவம்பருக்கும் மழையின் குணமே வேறு. காலையில் பளிச்சென்று வெயில். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேகம் கவியும். இடி இடித்துக் கொட்டித் தீர்க்கும். பெரும்பாலும் இரவுக்குள் வானம் வெளுத்துவிடும். அந்தக் காலை வெயில்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். ஆடியில் வாரக்கணக்காகத் தூறலும் காற்றுமாக இருக்கும்போது மண்ணில் கை வைத்தால் சேறுதான் மிஞ்சும். தை பிறந்தால் குளிர் இறுகிவிடும். இப்போது மண் ஈரத்தோடு இளகிக் கிடக்கிறது. வெட்டலாம், பிரித்து நடலாம், ஊன்றிய தடி தளிர்க்கும்.

முதல் வேலை எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கான். மழைத் தண்ணீரை வடிக்கும் வாய்க்காலைத்தான் சொல்கிறேன். நாளை எழுதுகிறேன்.

ஒக்டோபர் 6

தேயிலை மலையில் கான் வெட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே அக்கறையை நம் வீட்டுக்குப் பின்னால் காட்டுவதில்லை. மேலே இருக்கும் மலையின் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் எந்த வழியாக இறங்குகின்றன என்று கேட்டால் பலருக்கு விரல் நீட்டிக் காட்டத் தெரியாது.

செய்ய வேண்டியது இது. பெரிய மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது, சுவரின் எந்தப் பக்கம் நனைகிறது என்று பாருங்கள். இடி மின்னல் அடங்கிய பிறகு போங்கள். அடுத்த நாள் காலை வெயிலில், பார்த்த இடங்களில் குச்சி நட்டு வையுங்கள்.

சரிவுக்குக் குறுக்கே கான் போகும் கோட்டை வெறும் கண்ணால் குறிக்க வேண்டாம், கண் ஏமாற்றும். ஒரே நீளத்தில் இரண்டு சவுக்குக் கம்புகளை உச்சியில் கட்டி, இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. இரண்டு கால்களையும் இடம் மாற்றி அதே புள்ளிகளில் வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் சரி நடுவில் நூல் விழும்போது இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று பொருள். இதை நடத்திக்கொண்டே போனால் மலையின் மட்டக்கோடு கிடைத்துவிடும். கான் அந்தக் கோட்டிலிருந்து சற்றே சரிந்து, பாதுகாப்பாகத் தண்ணீர் வெளியேறக்கூடிய ஓடைப் பக்கம் போக வேண்டும். சரிவு அதிகமானால் கானே மண்ணை அறுத்துவிடும். நடுநடுவே சிறு மண் தடுப்பு விட்டால் வண்டல் அங்கே தங்கும். மழை ஓய்ந்ததும் அதை அள்ளிப் பாத்தியில் போடுங்கள். நம் மலையிலிருந்து இறங்கிய மேல்மண் அது, ஆற்றுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பத்து வயதுப் பிள்ளைகூட இந்தச் சட்டத்தைக் கட்டும். பள்ளிக்கூடத்தில் நான் கட்டவைத்திருக்கிறேன். கணிதப் பாடத்தில் அவ்வளவு அமைதியை வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

ஒக்டோபர் 9

பண்டாரவளை வாசகர் ஒருவர் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். "உங்களுக்கு இது இடைவெளி. எங்களுக்கு இதுதான் மழைக்காலத்தின் வாசல்" என்கிறார். நியாயமான பேச்சு. நடு மலைத்தொடர் நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா மேற்குச் சரிவில் தென்மேல் மழையை வாங்குகின்றன. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும் வாசனை ஜூலையிலிருந்து செப்டெம்பருக்குள் வருவது அதனால்தான். மேற்குச் சரிவில் இருக்கும் திம்புளைப் பக்கத்துக்கு அது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஆகவே நான் எழுதுவது மேற்குச் சரிவின் கணக்கு. ஊவாக்காரர்கள் கான் வேலையைச் செப்டெம்பரிலேயே முடித்துவிடுங்கள். உங்களுக்கு ஒக்டோபர் மழையிலிருந்து தை வரை ஓய்வே கிடையாது.

மண்ணுக்கு வருகிறேன். மண்ணின் காரகாடித்தன்மை எண் (pH) ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடுகிறது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை போதும், அங்கே அது செழிக்கும். கோவா (முட்டைக்கோஸ்), கரட், பீட்ரூட், போஞ்சிக்கு (பீன்ஸ்) 6க்கு மேலே வேண்டும். பழைய தேயிலை நிலத்தைக் கொத்தி நேராகக் கோவா நட்டவர்கள் வேர் தடித்து முண்டும் முடிச்சுமாகச் செடி வாடுவதைப் பார்த்திருப்பார்கள். புளித்த மண்ணில் கொழிக்கும் நோய் அது. ஒருமுறை வந்தால் பல வருடம் மண்ணிலேயே கிடக்கும். டொலமைட்டைத் தூவி, மண் கிளறும் இரும்பு முள்ளால் மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று வாரம் விட்டுப் பிறகு நாற்று வையுங்கள். இன்று போட்டால் தீபாவளி கழிந்து நடலாம். டொலமைட் மாத்தளை, திகனைப் பக்கம் நம் மலையிலேயே வெட்டியெடுக்கிற கல்தான், விலையும் கைக்கு அடங்கும்.

மண் புளிப்பா என்று பார்க்கக் கருவி இல்லாதவர்கள் லயத்து வாசலில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போகிறது, பூ நீலமாகிறது. புளிப்புக் குறைந்தால் இளஞ்சிவப்பு. என் வாசலில் ஒரே புதரில் இரண்டும் இருக்கின்றன. சீமெந்துத் தளத்தை ஒட்டிய பக்கம் சிவப்பு, மலைப் பக்கம் நீலம். (வெள்ளை வகையை வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டாம், அது எந்த மண்ணிலும் வெள்ளைதான்.)

ஒக்டோபர் 10

ஹைட்ரேஞ்சியாவைக் குச்சி ஊன்றி வளர்க்கலாமா என்று கேட்டவருக்கு: ஆமாம், குச்சியிலிருந்து வரும். பூக்காத கிளையில் இரண்டு கணு விட்டு வெட்டி, நிழலில் ஊன்றுங்கள். இப்போதே.

ஒக்டோபர் 12

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: "விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கொழுந்து பறிக்க மலைக்குப் போய், அந்தியில் கொழுந்து நிறுவை முடிந்து வீட்டுக்கு வருகிறவளுக்கு எது பருவம், எது பொழுதுபோக்கு? உங்கள் பட்டியல் யாருக்கு?"

இதற்குப் பதில் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. என் அம்மா கொழுந்து பறித்தவர். இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டதும் அடுப்படி, அதன் பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, அதன் பிறகு எங்கள் தலை. எங்கள் லயத்து அறையான காம்பராவுக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்தியும் அவர் கைவேலைதான். ஞாயிற்றுக்கிழமை அதற்கு என்று ஒதுங்கியது. "அம்மாவுக்குத் தோட்டம் என்றால் உயிர்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த உயிருக்கு ஓய்வு வேண்டும் என்று எங்களில் ஒருவரும் சொன்னதில்லை.

ஆகவே தெளிவாகவே சொல்கிறேன். இங்கே நான் எழுதும் வேலைகள் மலைக்குப் போய் வந்த பெண்ணின் தலையில் ஏற்றுவதற்கு உரியவை அல்ல. கான் வெட்டுவது, மண் கொத்துவது, விறகு சேர்ப்பது எல்லாம் வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும், கொழும்பிலிருந்து திரும்பிய தம்பிகளுக்கும் உரியவை. மஸ்கெலியாத் தம்பி, உங்களைத்தான் சொல்கிறேன். அம்மா ஒரு பூச்செடி நடட்டும், விருப்பம் இருந்தால்.

தங்கைக்கு நேரம் கேட்காத ஒரு வேலை இருக்கிறது. காலையில் ஒரு நிமிடம் போதும். அடுத்த குறிப்பில்.

ஒக்டோபர் 14

மழைமானி. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு பெரிய சோடாப் போத்தல் எடுங்கள். இடுப்பு ஒடுங்கிய போத்தல் உதவாது. கழுத்துக்குக் கீழே, உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல் பகுதியைக் கவிழ்த்துப் புனலாக உள்ளே வையுங்கள். மழை உள்ளே போகும், வெயிலுக்குத் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம் பூச்சியம். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் அளவு கோலை ஒட்டுங்கள். வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால் ஏறிய தண்ணீரின் உயரமே மழையின் அளவு.

கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, திறந்த இடத்தில், காற்றில் சாயாதபடி கம்பில் கட்டுங்கள். தினமும் காலை 8.30க்கு வாசியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் ஒரு நாளின் மழையை அந்த நேரத்தில்தான் கணக்கிடுகிறது, ஒப்பிட வசதி. மலைக்குப் போகிறவர்கள் போகும் நேரத்திலேயே வாசிக்கலாம், நேரம் தினமும் ஒன்றாக இருந்தால் போதும். வாசித்தபின் பூச்சியக் கோடு வரை வடித்துவிடுங்கள். கொப்பியில் திகதியும் எண்ணும் எழுதுங்கள்.

எதற்கு இது? முதல் காரணம் கூரை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லீற்றர். தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு ஏறத்தாழ 50 சதுர மீட்டர் கூரை இருக்கும். 20 மில்லிமீட்டர் பெய்தால் 1000 லீற்றர் தண்ணீர் அந்த ஒரு கூரையிலிருந்து இறங்குகிறது. கூரையோரத்தில் தண்ணீரை வாங்கும் பீலி இல்லாத வீட்டில் அத்தனையும் அத்திவாரத்தின் ஓரத்திலேயே விழுகிறது. பீலி மாட்டி ஒரு பீப்பாய் வைத்தால் துணி துவைக்க ஆயிற்று, நிரம்பி வழிவதைக் கானுக்கு விடலாம். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு பீலி மாட்டிய வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. அறிவுரையாகச் சொன்னபோது ஒருவரும் மாட்டவில்லை.

இரண்டாவது காரணம் உயிர். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் படிகள் இவை. ஆனால் மழை ஒரு மலையில் கொட்டி அடுத்த மலையில் தூறுகிறது. நகரத்து மானி சொல்லும் எண் உங்கள் பள்ளத்தாக்கின் எண்ணாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் லயத்தில் ஒரு போத்தல் இருந்தால் இரவு பத்து மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.

ஒக்டோபர் 15

எண் மட்டும் போதாது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், நானும் சொல்ல நினைத்தேன். நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் திடீர்ப் பிளவு, நிமிர்ந்து நின்ற மரமோ கம்பமோ சாய்வது, ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, இதுவரை இல்லாத இடத்தில் தண்ணீர் கசிவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மானியில் ஐந்து மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

ஒக்டோபர் 18

தேனீ பற்றிக் கேட்டவர்கள் பலர்.

பெட்டியில் வளர்ப்பது பொந்திலும் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காகக் கூடு கட்டும் சிறிய தேனீ. உயர்ந்த கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையைத் திறந்தபடி தொங்கவிடும் பெரிய தேனீயைப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. கொழுந்து பறிப்பவர்களை மருத்துவமனைக்கு அனுப்பும் கூட்டங்களில் அந்தப் பெரியது உண்டு, குளவியும் உண்டு. அவற்றின் பக்கம் போக வேண்டாம்.

பண்டாரவளை பிந்துனுவெவையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு நிலையம் இருக்கிறது. ஊவாப் பக்கம் யூகலிப்டஸ் மரங்கள் நிறைய நிற்பதால் தேன் தொழில் அங்கே வேரூன்றியது. இந்த மழை மாதங்களில் பிற்பகல் முழுவதும் தேனீக்கள் வெளியே போக முடியாது, பூவும் நனைந்து கிடக்கும். ஆகவே இப்போது தேன் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து மாலையில் உள்ளே வையுங்கள். கூட்டம் மெலிந்தால் மெழுகுப் பூச்சி புகுந்து அடையைத் தின்றுவிடும், மிஞ்சிய ஈக்கள் பெட்டியை விட்டு ஓடிவிடும். எறும்புக்காகப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

ஒக்டோபர் 19

நேற்று எழுதிய பிறகு இரவு முழுவதும் ஒன்றையே யோசித்தேன். லயம் என்பது ஒரு குடும்பத்தின் இடம் இல்லை. 10 அடிக்கு 12 அடி அறைகள் ஒரு கூரையின் கீழ் வரிசையாக இருக்கின்றன, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பிள்ளைகள் விளையாடுகிறார்கள். குளவி கொட்டி யாரையாவது இழந்த வீடு அதே வரிசையில் இருக்கலாம். அந்த அம்மாவிடம் "இது வேறு ஈ" என்று விளக்குவது எனக்கு முறையாகப் படவில்லை.

எனவே லயத்தில் இருப்பவர்கள் பெட்டி வைக்கும் முன் வரிசை முழுவதையும் கேளுங்கள். ஒரு வீடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தனி வீட்டுக்காரர்கள் பெட்டியின் வாயை நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். தேனின் மேல் எனக்கு இருக்கும் ஆசை தெரிந்தவர்களுக்கு இதை எழுதும்போது என் மனம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

ஒக்டோபர் 24

காட்டுப்பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைப்பது எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்ல மாட்டேன்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், லக்ஷபான தோட்டத்தில், கருஞ்சிறுத்தை ஒன்று இப்படியொரு சுருக்கில் மாட்டியது. அந்த நிறத்தில் ஒன்று நம் மலைகளில் வாழ்ந்தது என்பதே பலருக்கு அன்றுதான் தெரியும். மீட்டுக் கொண்டுபோய் மருத்துவம் பார்த்தும் சில நாள்களில் இறந்துவிட்டது. சுருக்கு பன்றி என்றும் சிறுத்தை என்றும் பார்ப்பதில்லை. நம் நாய்களும் அதில் மாட்டுகின்றன. சட்டப்படியும் குற்றம்.

பன்றியால் உங்கள் கிழங்கு போனது எனக்கு வலிக்காமல் இல்லை. மூன்று மாத உழைப்பை ஓர் இரவில் உழுதுவிட்டுப் போகும், எனக்கும் நடந்திருக்கிறது. பழைய கூரைத் தகரத்தை அடியில் ஓர் அடி மண்ணுக்குள் இறக்கிப் பாத்தியைச் சுற்றிக் கட்டுங்கள். பன்றி மூக்கால் கிளறி நுழையும் மிருகம், நிலத்துக்குக் கீழே தடை இருந்தால் தயங்கும். கிழங்கைக் காட்டோரத்தில் நடாமல் வீட்டோரத்தில் நடுங்கள், காட்டோரத்தில் லீக்ஸ் போடுங்கள். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன். சுருக்குப் பற்றி மட்டும் இங்கே பேச்சு வேண்டாம்.

ஒக்டோபர் 29

2014இல் இதே நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. நான் கான், போத்தல் என்று ஓயாமல் எழுதுவதை அலுப்பாக நினைத்தவர்கள் இன்று ஒரு முறை வீட்டின் பின்பக்கம் போய் மேலே பார்த்துவிட்டு வாருங்கள்.

வெட்டிவேர் நட்டால் மலை நிற்குமா என்று கேட்டவருக்கு: மேல்மண் அரிப்பதை அது நன்றாகத் தடுக்கும். ஆள் உயரத்துக்கு மேலும் வேர் இறங்கும். கானின் கரையில் வரிசையாக நடுங்கள். ஆனால் வீட்டுக்குத் தளம் எடுக்க மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டியிருந்தால், ஆழத்தில் தண்ணீர் ஏறிய மலையை எந்தப் புல்லும் நிறுத்தாது. அது பொறியியலாளர் பார்க்க வேண்டிய இடம்.

நவம்பர் 3

தீபாவளிப் பலகாரம் இன்னும் டின்னில் இருக்கிறது, ஆகவே இன்று இலேசான விடயம். விறகு.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலை உங்கள் பக்கத்தில் இருந்தால், வெட்டி விழுந்த மிலாறுக் குச்சிகளைச் சேர்க்க இதுதான் நேரம். காலை வெயிலில் விரித்து, இடி கேட்குமுன் அள்ளிவிட வேண்டும். நிலத்தில் அடுக்காதீர்கள். இரண்டு கல் வைத்துக் குறுக்கே கம்பு போட்டு, காற்று அடியில் ஓடும்படி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். எல்லாப் பக்கமும் படங்கால் மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேல் பரண் இருந்தால் மறுநாளுக்கு வேண்டியதை முதல் நாளே அதில் ஏற்றுங்கள். ஈர விறகின் புகை அடுப்படியில் இருப்பவரின் நெஞ்சில்தான் போய்ச் சேர்கிறது.

நவம்பர் 8

எங்கள் தோட்டத்தில் தப்பு (பறை) அடிக்கும் பெரியவர் ஒருவர் இந்த மாதங்களில் வாத்தியங்களைப் பழுது பார்ப்பார். நேற்று அவர் வீட்டு இஸ்தோப்பில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மழை ஈரத்தில் தோல் தளர்ந்து குரல் அமுங்கிவிடும். அடிக்குமுன் தீயில் காய்ச்சினால் தோல் இறுகிக் குரல் எழும், அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வட்டச் சட்டத்தை விட்டுத் தோல் கழன்றிருந்தால் காய்ச்சிப் பயனில்லை. பழைய தோலை உரித்து, சட்டத்தைச் சுரண்டித் துடைத்து, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசை தடவி, ஊறவைத்த தோலை இழுத்து ஒட்டி, வெயிலில் மெல்லக் காயவிடுகிறார். கடும் வெயிலும் கூடாது, ஈரமும் கூடாது. காலை வெயிலும் பிற்பகல் மேகமுமான இந்த நாள்கள்தான் அவருக்குத் தோது. மாசியில் காமன் கூத்து. அதற்கு முன் எல்லாத் தப்பும் பேச வேண்டும்.

அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு பையன் வருகிறான். இன்னும் இருவர் வந்தால் நல்லது. பெரியவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், வழி சொல்கிறேன்.

சாவு வீட்டு வாத்தியத்தை ஏன் இங்கே எழுதுகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். தப்பு திருவிழாவுக்கும் அடிக்கிறது, கூத்துக்கும் அடிக்கிறது, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் அதே தப்புதான். அதைச் செய்யும் கைகளைத் தாழ்வாகப் பேசுவதற்கு இங்கே இடம் கிடையாது.

நவம்பர் 9

கேட்டே விட்டார்கள். பதில் மேலே இருக்கிறது.

நவம்பர் 15

காளான். இடி இடித்த மறுநாள் கறையான் புற்றை ஒட்டி எழும் காளானின் ருசிக்கு ஈடு கிடையாது. அதை யாராலும் வீட்டில் விளைவிக்க முடியவில்லை, அது கறையானோடு சேர்ந்தே வாழ்கிறது. அடையாளம் தெரிந்த மூத்தவர் கூட இல்லாமல் காட்டுக் காளானைப் பறித்துச் சமைக்காதீர்கள். வெள்ளிக்கரண்டி கறுக்கிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்ற சோதனைகள் எதற்கும் உதவாது.

வீட்டில் செய்ய விரும்புவோர் மரத்தூள் அடைத்து வித்திட்ட சிப்பிக் காளான் பைகளை வாங்கலாம். நம் குளிரில் காளான் இழை படர்ந்து பை வெளுக்க நாள் கூடுதலாகும், பொறுமை வேண்டும். பை வெளுக்கும் வரை இருட்டான மூலை, பிறகு கொஞ்சம் வெளிச்சமும் காற்றும், தினமும் தண்ணீர் தெளிப்பு, அவ்வளவுதான். மலைக்குப் போய் வரும் தங்கைக்கு இது ஏற்றது என்று நினைத்தேன். அவரே எழுதியிருக்கிறார், மழைமானியை மகள் வாசிக்கிறாளாம், வகுப்புக்கும் கொண்டுபோய்க் காட்டினாளாம். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நவம்பர் 23

மஸ்கெலியாத் தம்பியின் படங்களைப் பார்த்தேன். கான் அழகாக வந்திருக்கிறது. ஆனால் அது போய் முடியும் இடம் கீழ் லயத்தின் பின்சுவர் அல்லவா? நம் தண்ணீரை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இன்னும் பத்தடி நீட்டி, ஓடைக்குத் திருப்புங்கள். விழும் இடத்தில் கற்களைப் பரப்புங்கள். கீழ் வீட்டுக்காரரையும் கூட அழையுங்கள், அவர் கையும் சேர்ந்தால் ஒரு காலையில் முடியும்.

சௌசௌ பற்றி: காயை வெட்டி விதை எடுக்கத் தேவையில்லை. முளைவிட்ட முழுக் காயைச் சரித்துப் பாதி மட்டும் மண்ணில் புதைத்தால் போதும். பந்தலைப் பலமாகக் கட்டுங்கள், காய்க்கத் தொடங்கினால் பாரம் தாங்காது. கானுக்கு மேலே பந்தல் போடாதீர்கள், சருகு விழுந்து அடைக்கும்.

டிசம்பர் 1

மழை நீளத் தொடங்கிவிட்டது, காலை வெயிலும் சுருங்குகிறது. போஞ்சி விதை எடுத்து வைப்பவர்கள் செடியிலேயே நெற்று முழுதாகக் காயும் என்று காத்திருக்க வேண்டாம். மஞ்சளித்ததும் பறித்துப் பரணில் காயவையுங்கள். புகையும் இளஞ்சூடும் படும் இடமாக இருக்கட்டும், தீயின் சூடு நேராகப் படக் கூடாது. நகத்தால் கீறினால் தடம் விழாத அளவுக்குக் காய்ந்ததும் சாம்பலோடு கலந்து போத்தலில் அடையுங்கள். போஞ்சி தன் பூவுக்குள்ளேயே கருவுறும் செடி, அதனால் விதை தாய்ச்செடியைப் போலவே வரும். கோவாவிலும் கரட்டிலும் இது நடக்காது, அவற்றுக்கு நாற்றோ விதையோ வாங்கத்தான் வேண்டும்.

நுவரெலியாப் பக்கத்தார் தை, மாசியின் உறைபனிக்கு இப்போதே மானாப்புல் வெட்டிக் காயவைத்துக்கொள்ளுங்கள். இரவில் நாற்றின் மேல் பரப்பவும் பகலில் எடுக்கவும் தோதாக இருக்கும்.

என்னிடம் உயரமாக ஏறும் நாட்டுப் போஞ்சி விதை கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. முளைவிட்ட சௌசௌக் காய்களும் உண்டு. சனிக்கிழமை காலை ஹட்டன் சந்தைக்கு வருவேன். வேண்டியவர்கள் முன்கூட்டியே எழுதுங்கள், பொட்டலம் கட்டிக் கொண்டுவருகிறேன். பொகவந்தலாவைத் தங்கைக்கு ஒரு பொட்டலம் ஏற்கனவே எடுத்து வைத்துவிட்டேன்.